பெட்டிப் படத்தைப் பார்க்காமல் மினியேச்சருக்கு நிறம் தேர்ந்தெடுத்தேன். பொம்மை போல ஆகிவிட்டது. எங்கே தவறினேன்?

நிறந்தேடி எழுதியது:

வணக்கம். கற்பனைப் போர்விளையாட்டுகளுக்கான மினியேச்சர் எனும் சிற்றுருவங்களுக்கு வண்ணம் பூசத் தொடங்கி எனக்கு ஒன்றரை ஆண்டு ஆகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள நிறங்களையே வரிசையாகப் பூசி முடிப்பதுதான் இதுவரை என் வழக்கம். அப்படிப் பூசியவை மோசமில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்; எனக்கும் ஓரளவு நிறைவு உண்டு. ஆனால் பத்துப் பேர் வீட்டு அலமாரியில் நிற்கும் அதே உருவம் அதே நிறத்தில் என் அலமாரியிலும் நிற்பதைப் பார்க்கும்போது, இதில் என்னுடையது எது என்ற கேள்வி எழுகிறது.

ஆகவே இம்முறை, ஏஜ் ஆஃப் சிக்மார் விளையாட்டின் ஸ்டார்ம்காஸ்ட் எடர்னல்ஸ் படையில் ஒரு தலைவரையும் நான்கு வீரர்களையும் வாங்கியபோது, சொந்தமாக ஒரு நிறத்திட்டம் வகுத்துக்கொள்ள முடிவுசெய்தேன். இவர்களை அறியாதவர்களுக்காக ஒரு வரி: தலை முதல் கால் வரை தகட்டுக் கவசமும், முகத்தை மறைக்கும் உலோக முகமூடியும், அகன்ற தோள்தகடுகளும் கொண்ட, வழக்கமான மினியேச்சர்களைவிடச் சற்றுப் பருத்த உருவங்கள் இவை. பெட்டிப் படத்தில் இருப்பது ஹேமர்ஸ் ஆஃப் சிக்மார் பிரிவு. தங்கக் கவசம், நீலத் தோள்தகடு. வெள்ளிக் கவசம் ஹாலோட் நைட்ஸ் பிரிவுக்கும், கறுப்பு ஆன்வில்ஸ் ஆஃப் தி ஹெல்டன்ஹாமர் பிரிவுக்கும், பசுநீலம் செலஸ்டியல் விண்டிகேட்டர்ஸ் பிரிவுக்கும் ஏற்கெனவே உரியவை. எஞ்சியவற்றில் யாரும் அதிகம் தொடாதது எது என்று தேடி, நிறங்களை வட்டமாக அடுக்கிய நிறச்சக்கரம் காட்டும் ஒரு செயலியின் துணையோடு, ஊதாக் கவசம், ஆரஞ்சு மேலங்கி, பச்சைத் தோள்தகடு என்று முடிவுக்கு வந்தேன். மூன்றும் சக்கரத்தில் சம தூரத்தில் இருப்பவை; ஆகையால் ஒத்துப்போகும் என்று நம்பினேன். குப்பியில் இருந்த ஊதா மிகவும் இருண்டிருந்ததால் கவசத்தின் நுணுக்கங்கள் தெரியவில்லை. வெள்ளை கலந்து வெளிறச் செய்துகொண்டேன். ஓர வரிகளுக்குத் தங்கம், தலைக்கவசக் குஞ்சத்துக்குச் சிவப்பு, வார்களுக்குப் பழுப்பு, அடித்தளத்தில் புல்.

தலைவரை மட்டும் முடித்திருக்கிறேன். கண்ணருகே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பகுதியும் சுத்தமாகவே இருக்கிறது. கோடு தாண்டிய இடம்கூட இல்லை. மேசைமேல் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தால், திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன். தவறு நிறங்களிலா, பூசிய முறையிலா? புதிதாக ஒரு நிறத்திட்டத்தை நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்? இந்தத் தலைவரைக் காப்பாற்ற முடியுமா, அல்லது வண்ணத்தை உரித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டுமா?


ஈயச்சிப்பாய் எழுதியது:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கை நன்றாகவே இருக்கிறது. ஓர வரிகளை நான்கூட இவ்வளவு நேராகப் போட்டதில்லை. தவறு பூச்சில் இல்லை, திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. ஊதாவும் ஆரஞ்சும் பச்சையும் ஒன்றோடொன்று சேராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றையும் வைத்து மிக அழகான உருவங்களைப் பூச முடியும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். உங்கள் கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நான் மாற்றிப் பார்த்துவிட்டேன். கவசம், மேலங்கி, தோள்தகடு மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கின்றன; எங்கே கவசம் முடிந்து மேலங்கி தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. நீங்கள் நிறத்தை மாற்றினீர்களே தவிர, எது இருண்டது, எது வெளிர்ந்தது என்பதை மாற்றவே இல்லை. ஊதா இயல்பாகவே இருண்ட நிறம். அது மேலங்கியிலிருந்து கவசத்தைப் பிரித்துக் காட்டக் காத்திருந்தது. நுணுக்கம் தெரியவில்லை என்று வெள்ளையைக் கலந்து, ஆரஞ்சும் பச்சையும் இருந்த படிக்கே அதையும் ஏற்றிவிட்டீர்கள். நுணுக்கம் தெரிவதற்கு முழுப் பரப்பையும் வெளிறச் செய்ய வேண்டியதில்லை. இருண்ட ஊதாவை அப்படியே விட்டு, தகடுகளின் விளிம்பில் மட்டும் மெல்லிய வெளிர்க்கோடு இட்டிருந்தால் போதும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஏறக்குறைய விரல் உயரமே உள்ள ஓர் உருவத்தின் மேல் அறையின் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் படிகிறது. ஆளுயர மனிதரின் தாடைக்குக் கீழும் அக்குளுக்குள்ளும் விழும் ஆழமான நிழல், இந்தச் சிறு உருவத்தில் விழுவதில்லை. ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் நாமே பூசித் தர வேண்டியிருக்கிறது. அதனால்தான் பலர் முதலில் கறுப்புப் பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பூசி, பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளையைத் தெளிக்கிறார்கள். உச்சி வெயிலில் நிற்பவர் மேல் ஒளி எங்கே விழும் என்பதை அந்தத் தெளிப்பு காட்டிவிடுகிறது. அப்படித் தெளித்த நிலையிலேயே உருவத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறத்திட்டத்தின் முதல் வரைபடம் அதுதான்.

அடுத்தது, நிறங்களின் எண்ணிக்கை. நீங்கள் மூன்று நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்தால் ஏழு வருகிறது. தங்கமும் ஒரு நிறம்தான். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறம். வாரின் பழுப்பு என்பது உண்மையில் இருண்ட ஆரஞ்சு. புல் இன்னொரு பச்சை. அதுவும் தோள்தகட்டின் பச்சைக்கு உறவில்லாத பச்சை. குஞ்சத்தின் சிவப்பு யாருக்கும் சொந்தமில்லாமல் தனியே நிற்கிறது. இவை எல்லாமே முழுச் செறிவில், ஏறத்தாழ ஒரே அளவு பரப்பில், "என்னைப் பார்" என்று கத்துகின்றன. திருவிழாக் கடைப் பொம்மையைத் தயாரிப்பவரும் அதையேதான் செய்கிறார். அவர் பத்தடி தூரத்தில் போகும் குழந்தையை அழைக்க வேண்டியிருக்கிறது, உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

நிறச்சக்கரச் செயலி பொய் சொல்லவில்லை, ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது. ஒரு நிறத்துக்கு மூன்று இயல்புகள் உண்டு: அது எந்த நிறம் என்பது, எவ்வளவு வெளிர்ந்தது என்பது, எவ்வளவு செறிந்தது என்பது. சக்கரம் முதலாவதை மட்டும்தான் காட்டும். இதனோடு இன்னொன்றும் உண்டு: நிறம் தனியாக இருப்பதில்லை, பக்கத்து நிறம் அதை மாற்றிவிடும். 1824-இல் பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவின் இயக்குநராக அமர்ந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்யும் கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று முறையீடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார்; சாயத்தில் குறை இல்லை. குறை, கறுப்புக்குப் பக்கத்தில் இருந்த நிறத்தால் கண்ணுக்கு நேர்ந்த மாற்றம் என்று கண்டறிந்து, 1839-இல் அதை விரிவான நூலாகவே வெளியிட்டார். உங்கள் மேலங்கி குப்பியில் இருந்ததைவிடக் கூச்சலாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான். பச்சையும் ஊதாவும் இரு பக்கமும் நின்று அதைத் தூண்டிவிடுகின்றன.

என் வழி எளிது. மேலே சொன்ன பிரைமர் படத்தை மங்கலாக ஆறு பிரதி அச்சிட்டு, சாதாரண வண்ணப் பென்சில்களால் ஆறு விதமாகத் தீட்டிப் பார்ப்பேன். முதல் இரண்டும் பெரும்பாலும் முன்பு எங்கோ பார்த்தவையாகவே இருக்கும். நான்காவதிலிருந்துதான் நம் தலைக்குள் இருப்பது வெளியே வரும். ஆறையும் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அவற்றைக் கடந்து நடப்பேன்.


தூரிகைவால் எழுதியது:

ஈயச்சிப்பாய் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வியின் முதல் பகுதியில் உள்ள ஒரு நினைப்பைப் பற்றிப் பேச வேண்டும். "யாரும் தொடாதது எது" என்று தேடியதாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் தொடாத நிறம் என்று ஒன்று கிடையாது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம், ஏஜ் ஆஃப் சிக்மாருக்கு முன்னோடியான வார்ஹாமர் விளையாட்டை வெளியிட்டது 1983-இல். இத்தனை ஆண்டுகளில் இத்தனை ஆயிரம் பேர் பூசியாகிவிட்டது. ஒரு நிறத்திட்டம் நம்முடையதாகத் தெரிவது, நாம் எதைப் பார்த்து அதற்கு வந்தோம் என்பதால்தான்.

நான் செயலியிலிருந்து தொடங்குவதில்லை, பொருளிலிருந்து தொடங்குகிறேன். துருப்பிடித்த இரும்புக் கதவு, காய்ந்த மாதுளைத் தோல், மழைக்குப் பிந்தைய செங்கல் சுவர், பூச்சிகள், பறவைகள். ஒரே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பனங்காடையைப் பார்த்திருப்பீர்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது பழுப்பு முதுகும் செம்மை கலந்த மங்கிய மார்புமாக, உச்சந்தலையிலும் அடிவயிற்றிலும் மட்டும் கொஞ்சம் நீலத்தோடு, அடக்கமாகவே இருக்கும். கிளம்பிப் பறக்கும்போது சிறகு விரிந்ததும், கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக வெடித்தாற்போல் தெரியும். அந்த நீலம் நம்மை அதிரவைப்பதற்குக் காரணம், அதற்கு முன்பு நாம் பார்த்துக்கொண்டிருந்த பழுப்பு. பறவை முழுக்க அதே நீலமாக இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் இப்படி மூச்சு நின்றுபோயிருக்காது.

இதை உங்கள் தலைவருக்குக் கொண்டுவருவோம். கவசத்தை மண்ணும் சாம்பலும் கலந்த பழுப்பில், செறிவு குறைவாக, நன்றாக நிழலிட்டுப் பூசுங்கள். மேலங்கியின் வெளிப்பக்கமும் அதே குடும்பத்தில், இன்னும் கொஞ்சம் இருண்டதாக இருக்கட்டும். மேலங்கி காற்றில் விரிந்து உட்புறம் தெரிகிறது அல்லவா, அந்த உட்புறத்தில் மட்டும் நீலம். தோள்தகட்டில் கருநீலம், முகமூடியின் கண்களில் வெளிர்நீலத்தின் ஒரு புள்ளி. முன்னாலிருந்து பார்ப்பவருக்குப் பழுப்பு வீரர். உருவத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்குச் சிறகு. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பறவையிடமிருந்து எடுக்க வேண்டியது நிறத்தைவிட அந்த விகிதத்தை. எவ்வளவு மங்கலுக்கு எவ்வளவு ஒளி என்ற கணக்கை.

பனங்காடையின் நீலத்தை ஒரு குப்பியிலிருந்து அப்படியே எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறகில் நீலச் சாயம் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நமக்குத் தெரியும் நீலம் அது. ஆகவே வெளிர்ந்த அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் நீர்த்த நீலத்தை மெல்லிய படலமாக மூன்று நான்கு முறை ஏற்றினால்தான் அந்த உள்ளொளியின் அருகிலாவது போக முடியும். ஒவ்வொரு படலமும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது.


பழையபெட்டி எழுதியது:

சிறிய மாற்றுக் கருத்து. பொம்மை போலத் தெரிவது குற்றம் என்று எல்லோருமே எடுத்துக்கொண்டுவிட்டோம். 1990-களில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட படைகளின் படங்களைப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், அடித்தளத்தின் விளிம்பில்கூடப் பளிச்சென்ற பச்சை. அந்தக் காலத்து உருவங்களைப் பார்த்துதான் எங்களில் பலர் இந்தப் பக்கம் வந்தோம். எல்லா உருவமும் சேற்றில் புரண்டு எழுந்ததுபோல் இருக்க வேண்டும் என்பது பின்னால் வந்த பழக்கம். நிறந்தேடி, உங்களுக்கு ஊதாவும் ஆரஞ்சும் பிடித்திருந்தால் அவற்றை மங்கச் செய்யாதீர்கள். பச்சையை மட்டும் எடுத்துவிட்டு, ஊதாவை மீண்டும் இருட்டாக்குங்கள். கூச்சல் இருக்கட்டும், ஆனால் ஒருவர் கத்தும்போது மற்றவர் வாய் மூடியிருக்க வேண்டும்.


மூன்றுசொட்டு எழுதியது:

மேலே உள்ளவர்கள் எதைப் பூசுவது என்று பேசிவிட்டார்கள். நான் எப்படிப் பூசுவது என்பதில் நின்றுகொள்கிறேன், ஏனென்றால் நல்ல திட்டங்கள் பாழாவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, உங்களிடம் இன்னும் நான்கு வீரர்கள் இருக்கிறார்கள் என்பது. தலைவருக்காக ஐந்து வண்ணங்களைக் கலந்து ஒரு மாயப் பழுப்பை உண்டாக்கிவிட்டு, அடுத்த மாதம் அதே பழுப்பு வராமல் தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் தவித்திருக்கிறேன். அதிகப் பரப்பை மூடும் முதன்மை நிறம், குப்பியிலிருந்து நேரே வருவதாகவோ, மிஞ்சினால் இரண்டு குப்பிகளின் கலவையாகவோ இருக்கட்டும். நுட்பமான கலவைகளைச் சிறு பகுதிகளுக்கு ஒதுக்குங்கள். கலக்கும்போது சொட்டுக் கணக்கை எழுதிவையுங்கள். இதற்காகவே வயேஹோ போன்ற வண்ண நிறுவனங்களின் சொட்டுக்குப்பிகளை நான் விரும்புகிறேன். மூடி திறக்கும் குப்பிகளில் தூரிகையால் எடுத்தால் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். அக்ரிலிக் வண்ணம் காயும்போது ஒரு படி இருண்டுவிடும் என்பதால், ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிளாஸ்டிக் தேக்கரண்டிகளை வாங்கிவந்து, உருவத்துக்குப் பயன்படுத்தும் அதே பிரைமரை அவற்றின் முதுகில் பூசி, அங்கே முழு வரிசையையும் சோதியுங்கள்: அடிநிறம், நிழல், வெளிச்சம். கரண்டியின் பின்புறத்திலேயே செய்முறையை எழுதிவிட்டால் குறிப்பேடும் தேவையில்லை.

ஊதாவோடே தொடர்வதாக இருந்தால், அதை வெளிறச் செய்ய வெறும் வெள்ளையைக் கலக்காதீர்கள். டைட்டானியம் வெள்ளை நிறத்தின் செறிவை விழுங்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கிவிடும்; உங்கள் படத்தில் தெரிவது அதுதான். வெள்ளைக்குப் பதிலாக எலும்பு நிறத்தையோ, வெளிறிய தோல் நிறத்தையோ கலந்து விளிம்புக்கோடு இடுங்கள். ஆரஞ்சுக்கு நிழலிடும்போது கறுப்பைத் தொடவே வேண்டாம். மஞ்சள் சார்ந்த எந்த நிறத்தோடும் கறுப்பு சேர்ந்தால் பச்சைச் சாயல் எட்டிப்பார்க்கும். செம்பழுப்பைக் கலந்தால் நிழல் சூடாகவும் ஆழமாகவும் இருக்கும். ஆரஞ்சும் மஞ்சளும் பெரும்பாலும் கீழே உள்ளதை மறைக்கும் திறன் குறைந்தவை. கறுப்பின் மேல் ஆறு தடவை பூசிச் சலிப்பதைவிட, முதலில் காவியையோ வெளிர் இளஞ்சிவப்பையோ ஒரு தடவை பூசிவிட்டு அதன்மேல் இரண்டு தடவை பூசுவது மேல்.

வாஷ், அதாவது பள்ளங்களில் ஓடித் தங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம், அதைப் பற்றியும் ஒரு சொல். நுல்ன் ஆயில் கறுப்பு, அக்ராக்ஸ் எர்த்ஷேட் பழுப்பு. இரண்டையும் எல்லா இடத்திலும் ஊற்றுவது நம் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். பரந்த தகடுகளில் ஊற்றினால் காயும்போது ஓரத்தில் கறை வளையமாகத் தங்கிவிடும். இடுக்குகளிலும், இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டிலும் மட்டும் கூரிய தூரிகையால் ஓட்டுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரு நிறங்களுக்கு நடுவே மயிரிழை அளவு இருண்ட கோடு விழுந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

2019-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் வண்ணப் பிரிவான சிட்டடெல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்களை நீங்கள் பயன்படுத்தக்கூடும். அவை ஒளி ஊடுருவும் வண்ணங்கள். மேட்டில் வெளிறியும் பள்ளத்தில் இருண்டும் தாமே பிரிந்து நிற்கும். ஆனால் கீழே உள்ள பூச்சுத்தான் அவற்றின் உண்மையான நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஈயச்சிப்பாய் சொன்ன கறுப்பு வெள்ளைத் தெளிப்பின் மேல் அவை மிக அழகாக உட்காரும். வழவழப்பான பெருந்தகடுகளில் மட்டும் திட்டுத் திட்டாகிவிடும். ஸ்டார்ம்காஸ்ட் கவசம் முழுக்க வழவழப்பான தகடு என்பதால், மேலங்கிக்கும் வாருக்கும் அதை வைத்துக்கொண்டு, கவசத்தைச் சாதாரண வண்ணத்தில் பூசுங்கள்.

தங்க ஓரங்களை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. பளிச்சென்ற தங்கத்தை விட்டுவிட்டு, இருண்ட வெண்கலத்துக்குப் போய்விடுங்கள். நிறத்திட்டம் எதுவானாலும் அது இடம்கொடுக்கும். உலோக வண்ணத்துக்குத் தனிக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள், இல்லையென்றால் அதன் மினுமினுப்புத் துகள் அடுத்த நிறத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உரிப்பது பற்றி: உருவம் பிளாஸ்டிக் என்பதால் அஞ்ச வேண்டாம். இங்கிலாந்துக்காரர்கள் நெடுங்காலமாக டெட்டாலில் ஊறவைத்து உரிக்கிறார்கள். நம் வீட்டு அலமாரியிலும் இருக்கும் பொருள் என்பதால் நானும் அதையே செய்கிறேன். நீர் கலக்காமல் ஒரு மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஒரு நாள் ஊறவிட்டு, கையுறை அணிந்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நேரே தண்ணீரில் காட்டாதீர்கள். கழன்ற வண்ணம் தார் போலப் பிசுபிசுத்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு முறை சுத்தமான டெட்டாலில் அலசி, பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவி, கடைசியில்தான் தண்ணீர். வீட்டில் இரண்டு நாள் மருத்துவமனை வாசம் அடிக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.


நிறந்தேடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மணி நேரம் பூசியதெல்லாம் ஒரே சாம்பல்.

மேலங்கியை உரிக்க மனம் வரவில்லை. ஆகவே தலைவரை அப்படியே வைத்துவிட்டு, வீரர்களில் ஒருவரை எடுத்துச் சோதனை செய்தேன். ஆறு பிரதி தீட்டியதில் ஐந்தாவது எனக்குப் பிடித்திருந்தது. கவசம் இருண்ட ஊதா, ஏறக்குறைய கத்திரிக்காய்த் தோலின் நிறம். விளிம்பில் எலும்பு நிறம் கலந்த மெல்லிய கோடு. வார்களும் கைப்பிடியும் பழுப்பு, அதாவது இருண்ட ஆரஞ்சு. முழு ஆரஞ்சு, முகமூடியின் கண்களிலும் சுத்தியலின் முனையிலும் மட்டும். பச்சை எங்குமே இல்லை, காம்பு நிறத்தில் தோள்தகட்டின் ஓரத்தில் ஒரு கோடு தவிர. கத்திரிக்காயைத்தான் பார்த்துப் பூசினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தூரிகைவால் பொருளிலிருந்து தொடங்கச் சொன்ன அன்று சமையலறையில் அதுதான் கண்ணில் பட்டது.

ஓரடி பின்னால் நின்று பார்த்தேன். முதலில் கண்கள் தெரிகின்றன, பிறகு சுத்தியல், பிறகு ஆள். தலைவரையும் இதே வழியில் மாற்றப்போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். அடித்தளத்தில் புல்லை எடுத்துவிட்டால் எதை வைப்பது? மேலும், இங்கே கடற்கரை ஊரில் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. போன முறை மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத காப்புப்பூச்சு) தெளித்தபோது உருவத்தின் மேல் வெண்பனி படிந்ததுபோல் ஆகிவிட்டது. இருண்ட ஊதாவில் அப்படி ஆனால் எல்லாம் போய்விடுமே.


ஈயச்சிப்பாய் எழுதியது:

படம் பார்த்தேன். கறுப்பு வெள்ளையிலும் மாற்றிப் பார்த்தேன். முகமூடியின் கண்கள் அதிலும் தனியே தெரிகின்றன, அதுவே போதும். அடித்தளத்துக்கு: உருவம் இருண்டிருப்பதால் தரை வெளிர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கால்கள் மண்ணுக்குள் கரைந்துவிடும். வெளிறிய மணல் அல்லது உலர்ந்த களிமண் நிறம் வைத்து, ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் காய்ந்த வைக்கோல் நிறத்தில் புல் ஒட்டுங்கள். ஊதாவுக்கு எதிரே சக்கரத்தில் இருப்பது மஞ்சள். மங்கிய மஞ்சளான மணல் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். அடித்தளத்தின் விளிம்பைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள் (பழையபெட்டி மன்னிக்க வேண்டும்).


மூன்றுசொட்டு எழுதியது:

வெண்பனி பற்றி: காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தெளிப்பானிலிருந்து வரும் நுண்துளிகள் உருவத்தில் படிந்து காய்வதற்குள் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன, மேட் பூச்சு வெளுத்துப்போவதற்கு அதுவே வழக்கமான காரணம். டப்பாவைப் போதிய அளவு குலுக்காவிட்டாலும் அப்படி ஆகும். மழை நாளிலும் அதிகாலையிலும் தெளிக்காமல், வெயில் ஏறி, காற்று உலர்ந்த நண்பகலுக்குப் பின் தெளித்துப் பாருங்கள். அதற்கு முன்பு ஒரு கரண்டியின் மேல் தெளித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். அதைவிட நல்லது, உங்கள் ஊரில் தெளிப்பானையே மறந்துவிட்டு, நீரில் கரையும் மேட் வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாக இரண்டு முறை பூசுவது. குமிழி எழும்பாமல் இருக்கக் குப்பியைக் குலுக்காமல் உருட்டிக் கலக்குங்கள்.

ஏற்கெனவே வெளுத்துப்போன உருவம் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அதன்மேல் ஒரு தடவை பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசினால் பெரும்பாலும் வெண்மை மறைந்து அடியிலுள்ள நிறம் திரும்பும். அது காய்ந்த பிறகு மேட் பூச்சை மீண்டும் தூரிகையால் கொடுக்கலாம். கண்களிலும் சுத்தியல் முனையிலும் உள்ள ஆரஞ்சின் மேல் மட்டும் கடைசியாக ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வையுங்கள். கத்திரிக்காய்க்கும் அந்த மினுப்பு உண்டு.